சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை

நுழையும்முன்

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் விடுதலை என்னும் பொருளும் உண்டு. வெளியுலகில் உழைத்துக் களைத்தவர் தம் சுமையை இறக்கிவைக்கும் இடம் அது. அந்த இடமே அச்சத்தின் இருப்பிடமாகிவிட்டால் அங்கு வளரும் குழந்தையின் உள்ளம் என்னவாகும்? ஒரு முறைகூட அடிபடாத குழந்தையும் காயமடைய இயலுமா? அக்காயத்தை ஆற்ற யாரால் முடியும்? இவ்வினாக்களுக்கு உளவியலும் மருத்துவமும் சட்டமும் கூறும் விடைகளை இப்பாடம் தொகுத்துரைக்கிறது.

பிணக்கும் வன்முறையும்

இருவர் கூடி வாழுமிடத்தில் கருத்து வேறுபாடு எழுவது இயல்பு. குடும்பச் செலவைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பெற்றோர் வாதிடுவதைக் கண்டு எந்தக் குழந்தையும் நிலைகுலைந்து போவதில்லை. வாதிட்ட இருவரும் சற்று நேரத்தில் ஒன்றாக அமர்ந்து உண்பதைக் காணும் குழந்தை, பிணக்கைத் தீர்த்துக்கொள்ளும் வழியையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

வன்முறை இதனின்று வேறானது. ஒருவர் மற்றொருவரை அச்சத்தால் ஆள்வதே வன்முறை. பிணக்கில் இருவரும் பேசுவர். வன்முறையில் ஒருவர் பேசுவார், மற்றவர் அஞ்சுவார். 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இதனை நான்காகப் பகுக்கிறது. உடலுக்கு ஊறு செய்தல், பாலியல் கொடுமை, சொல்லாலும் உணர்வாலும் துன்புறுத்துதல், பொருளாதாரக் கொடுமை என்பன அவை. ஓயாமல் இழித்துப் பேசுவதும், ஈட்டிய ஊதியத்தைப் பறித்துக்கொள்வதும், வீட்டுச் செலவுக்குப் பணம் தராது வாட்டுவதும் வன்முறையே என்பதை இப்பகுப்பு தெளிவாக்குகிறது.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடைபெற்றது. மணமான, 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாக அதில் தெரிவித்துள்ளனர். தமிழ்நாட்டில் இவ்வளவு 38.1 விழுக்காடு. கல்வியாலும் தொழிலாலும் முன்னேறிய மாநிலம் என நாம் பெருமை கொள்ளும் வேளையில், இந்த எண்ணையும் மறவாது நினைவிற்கொள்ள வேண்டும். இது பெண்களைப் பற்றிய கணக்கு. அதே வீடுகளில், சுவருக்கு அப்பால் விழித்துக் கிடக்கும் குழந்தைகளை இது எண்ணிச் சொல்வதில்லை.

இக்குழந்தைகளைப் பற்றி நம் சமூகத்தில் மூன்று நம்பிக்கைகள் வழங்குகின்றன. 'சிறு குழந்தைக்கு என்ன தெரியும்?' என்பது ஒன்று. 'பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்' என்பது மற்றொன்று. 'வீட்டுச் செய்தி வெளியே போகலாகாது' என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

'சிறு குழந்தைக்கு என்ன தெரியும்?'

குழந்தை உறங்குகிறது என எண்ணிப் பெரியவர்கள் சண்டையிடுகிறார்கள். குழந்தையோ கண்களை மூடிக்கொண்டு செவிகளைத் திறந்து வைத்திருக்கிறது. பாத்திரம் விழும் ஓசை, தாழ்ந்த குரலில் கெஞ்சும் ஓசை, திடீரென உண்டாகும் அமைதி ஆகியவற்றின் பொருளை அது அறியும். மறுநாள் காலையில் தாயின் முகத்தைப் பார்த்தும் அறியும்.

பேச்சு வராத பருவத்திலும் இப்பாதிப்பு நிகழ்கிறது. அச்சம் சூழ்ந்த வீட்டில் வளரும் கைக்குழந்தை சரியாக உறங்குவதில்லை. பால் குடிக்க மறுக்கிறது. தேற்றினாலும் அடங்காது அழுகிறது. சற்று வளர்ந்த குழந்தை, தாயை விட்டு நொடிப்பொழுதும் அகல மறுக்கிறது. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கத்தைக் கைவிட்ட பிள்ளை மீண்டும் அதற்குத் திரும்புகிறது. தொடக்கப் பள்ளிப் பருவத்தில் காரணம் விளங்காத வயிற்றுவலியும் தலைவலியும் தோன்றுகின்றன. மருத்துவர் ஆராய்ந்து நோய் ஏதுமில்லை என்பார். வலி பொய்யன்று, சொல்லில் அடங்காத அச்சம் உடலின் வழியே வெளிப்படுகிறது.

வளரிளம் பருவத்தினரிடம் இது பல வடிவங்களை எடுக்கிறது. சிலர் சினம் மிக்கவராகின்றனர். சிலர் யாரோடும் பேசாது ஒடுங்குகின்றனர். சிலர் வீட்டைத் தவிர்க்கத் தெருவிலேயே பொழுதைக் கழிக்கின்றனர். வேறு சிலர் வயதுக்கு மீறிய பொறுப்பைத் தலைமேல் ஏற்கின்றனர். தம்பி தங்கையரை அடுத்த அறைக்கு அழைத்துச் சென்று தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவைக்கும் மூத்த பெண்ணை, 'பொறுப்பான பிள்ளை' என உறவினர் பாராட்டுவர். அப்பாராட்டின் பின்னே அவள் தொலைத்த இளமை யார் கண்ணிலும் படுவதில்லை.

வன்முறையை நேரில் கண்ட குழந்தைகளைப் பற்றிய 118 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2003ஆம் ஆண்டு வெளியானது. அக்குழந்தைகளுள் 63 விழுக்காட்டினரின் நிலை, வன்முறையைக் காணாத குழந்தைகளின் சராசரி நிலையைவிடப் பின்தங்கியிருந்தது. அடிபட்ட குழந்தைகளுக்கும், அடிபடாது பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பதே அதன் சிந்தனைக்குரிய முடிவு. பார்த்த குழந்தையும் பாதிக்கப்பட்ட குழந்தையே.

மூளையின் காவற்பணி

இடர் நேரும்போது உயிரைக் காக்கும் ஏற்பாடு ஒன்று நம் உடலில் உள்ளது. மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பின் வடிவில் அமைந்த அமிக்டலா என்னும் பகுதி அச்சத்தை உணர்ந்து எச்சரிக்கை எழுப்புகிறது. உடனே அட்ரினலின், கார்டிசால் ஆகிய இயக்குநீர்கள் சுரக்கின்றன. இதயத் துடிப்பு மிகுகிறது; தசைகள் இறுகுகின்றன; உடல் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ அணியமாகிறது. இடர் நீங்கியதும் அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்பும். தெருநாய் துரத்தும்போது இவ்வேற்பாடு நமக்கு நன்மை செய்கிறது.

இடர் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தால் இந்த எச்சரிக்கை ஓய்வதே இல்லை. வளரும் மூளை இடைவிடாத காவலுக்குப் பழகிவிடுகிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டியது. குடும்ப வன்முறைக்கு உள்ளான குழந்தைகளிடம் சினமுற்ற முகங்களின் படங்களைக் காட்டி, அவர்களுடைய மூளையின் செயற்பாட்டை ஆராய்ந்தனர். அமிக்டலா உள்ளிட்ட பகுதிகள் மற்றக் குழந்தைகளிடம் காணப்பட்டதைவிட மிகுதியாகத் தூண்டப்பட்டன. போர்க்களம் கண்ட வீரர்களின் மூளையிலும் இத்தகைய தூண்டலே முன்னர்க் கண்டறியப்பட்டிருந்தது.

வகுப்பறையில் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். யாரோ மேசையைத் தட்டுகிறார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறார்கள். ஒரு மாணவன் மட்டும் நடுங்குகிறான், அல்லது சீறுகிறான். ஆசிரியரின் முகக்குறிப்பையும் கதவோரக் காலடியோசையையும் கவனிப்பதிலேயே அவன் மனம் செலவாகிறது. கரும்பலகையைக் கவனிக்க அங்கு இடமில்லை. நாம் அவனைக் 'கவனமற்றவன்' என்கிறோம். உண்மையில் அவன் அளவுக்கு மீறிக் கவனிக்கிறான். கவனிக்கும் பொருள்தான் வேறு.

சொல்லப்படாத மூன்று சுமைகள்

முதலாவது, குற்றவுணர்வு. இளங்குழந்தை தன்னையே உலகின் நடுவாகக் கருதும் இயல்புடையது. 'நான் மதிப்பெண் குறைந்ததால்தான் அப்பாவுக்குச் சினம் வந்தது', 'நான் அழுததால்தான் அம்மா அடிபட்டார்' என அது முடிவு கட்டிக்கொள்கிறது. அடிக்கும் கைக்கு அடிப்பவரே பொறுப்பு என்பதை யாரும் அதனிடம் எடுத்துச் சொல்வதில்லை.

இரண்டாவது, பிளவுண்ட அன்பு. அடிக்கும் தந்தையே ஞாயிற்றுக்கிழமை தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குச் செல்பவராகவும் இருக்கிறார். அவரை வெறுக்கவும் முடியவில்லை, அஞ்சாதிருக்கவும் முடியவில்லை. அன்பு செலுத்தினால் தாய்க்கு இரண்டகம் செய்ததாகத் தோன்றுகிறது. இம்முரண் பெரியவர்களையே கலங்கச் செய்யும் என்றால் எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

மூன்றாவது, மறைபொருள். 'யாரிடமும் சொல்லாதே' என்னும் கட்டளை வாய்மொழியாகவோ பார்வையாலோ பிறப்பிக்கப்படுகிறது. நண்பர்களை வீட்டுக்கு அழைக்க முடியாது. பள்ளிச் சுற்றுலாவுக்கு மனமுவந்து செல்லவும் முடியாது. தான் இல்லாத நாளில் வீட்டில் என்ன நிகழுமோ என்னும் கவலை உடன் வரும். தனிமை இவ்வாறு வளர்கிறது.

பார்த்துக் கற்பவை

ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியல் அறிஞர் 1961இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மழலையர் 72 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தினார். காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடித்தும் உதைத்தும் காட்டினார். அதைப் பார்த்த குழந்தைகள், தனியே விடப்பட்டபோது அச்செயல்களையும் அச்சொற்களையும் அப்படியே திருப்பிச் செய்தனர். அறிவுரையைவிடக் காட்சியே விரைந்து பதியும் என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

வன்முறை நிகழும் வீட்டில் குழந்தை பெறும் பாடமும் இத்தகையதே. சினம் வந்தால் அடிக்கலாம், வலியவர் சொல்வதே முடிவு, அன்பு இருக்குமிடத்தில் அடியும் இருக்கும் என்பன போன்ற முடிவுகள் சொல்லாமலே பதிகின்றன. ஆண் குழந்தை ஆளுவதையும் பெண் குழந்தை அடங்குவதையும் இயல்பென எண்ணும் இடர் இங்கு உண்டு. எனினும் ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். வன்முறையைக் கண்டு வளர்ந்தவர் அனைவரும் வன்முறையாளர் ஆவதில்லை. 'என் வீட்டில் இது நிகழக் கூடாது' என உறுதி பூண்டு, அவ்வுறுதியின்படி வாழ்வோர் பலர். கற்றதை மாற்றிக் கற்கும் ஆற்றல் மனிதருக்கு உண்டு.

'பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்'

தாய்வீட்டுக்கு அழுதுகொண்டு வரும் பெண்ணிடம் இவ்வறிவுரை நல்லெண்ணத்தோடே கூறப்படுகிறது. தந்தையில்லாத வீட்டில் பிள்ளை வளரக் கூடாது என்னும் கவலை அதில் உண்டு. ஆனால், பிள்ளைக்காகத் தாய் பொறுத்துக்கொள்ளும் துன்பமே பிள்ளையையும் வந்தடைகிறது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அன்டா ஆகிய மருத்துவர்கள் தலைமையில் நிகழ்ந்த பேராய்வு 1998இல் வெளியானது. குழந்தைப் பருவத்தில் நேர்ந்த துன்பங்களை ஏழாக வகைப்படுத்தி, அவை பிற்கால உடல்நலத்தை எவ்வாறு பாதிக்கின்றன என அவர்கள் ஆராய்ந்தனர். தாய் அடிபடுவதைக் காண்பது அவ்வேழனுள் ஒன்று. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட துன்பங்களை நுகர்ந்தவர்கள் மதுப்பழக்கம், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு, எத்துன்பமும் அறியாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை மிகுந்திருந்தது. இதய நோய் போன்ற உடல் நோய்களுக்கும் இத்தொடர்பு காணப்பட்டது. குழந்தைப் பருவத்தின் அச்சம் நடுவயதின் நோயாகவும் உருவெடுக்கக்கூடும்.

இதைக் கூறுவது தாய்மார்களைக் குறைகூறுவதற்காக அன்று. வெளியேறுவதற்கு வருவாய் வேண்டும். தங்க இடம் வேண்டும். 'வாழாவெட்டி' என்னும் வசைச்சொல்லைத் தாங்கும் துணிவு வேண்டும். இவை இல்லாதபோது பொறுமையே வழியெனப் படுகிறது. ஆகவே, 'ஏன் அவர் வெளியேறவில்லை?' என்று கேட்பதைவிட, 'ஏன் அவருக்கு வழி இல்லாது போயிற்று?' என்று கேட்பதே முறை.

சட்டம் சில வழிகளைத் திறந்து வைத்துள்ளது. மேற்கூறிய 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தாம் வாழும் வீட்டிலேயே தொடர்ந்து வாழும் உரிமை பெண்ணுக்கு உண்டு. பாதுகாப்பு ஆணை, உறைவிட ஆணை, பொருளுதவி ஆணை, குழந்தையைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வதற்கான ஆணை ஆகியவற்றை நடுவர் மன்றத்தில் கோரலாம். இதற்குத் துணைசெய்யப் பாதுகாப்பு அலுவலர்கள் அமர்த்தப்பட்டுள்ளனர்.

> தெரிந்து தெளிவோம்
>
> குழந்தை உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்டது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. உடல், மனம் சார்ந்த அனைத்து வன்முறைகளிலிருந்தும் குழந்தையைக் காப்பது அரசின் கடமை என அதன் 19ஆம் உறுப்பு கூறுகிறது. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தம் பொறுப்பிலுள்ள குழந்தையைத் தாக்கியோ புறக்கணித்தோ உடல்துன்பமும் மனத்துன்பமும் விளைவிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது.

ஒருவர் போதும்

மேற்கூறியவற்றைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் உளவியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வறுமை, குடும்பப் பிணக்கு, பெற்றோரின் மதுப்பழக்கம் அல்லது மனநோய் எனப் பல இடர்கள் சூழ்ந்த குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமும் பரிவும் நம்பிக்கையும் உடைய பெரியவர்களாக வளர்ந்தனர். அவர்களுக்குத் துணைநின்றவற்றுள் ஒன்று, தம்மீது உண்மையான அக்கறை கொண்ட ஒருவரேனும் இருந்தமை. சிலருக்கு அவர் பாட்டி, சிலருக்கு ஆசிரியர், சிலருக்கு அண்டை வீட்டார்.

இவ்வுண்மை நமக்குப் பெரும்பொறுப்பைத் தருகிறது. மாலையில் ஒரு மணிநேரம் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படிக்க இடம் தரும் அத்தையும், 'சாப்பிட்டாயா?' என நாள்தோறும் கேட்கும் ஆசிரியரும், தாம் அறியாமலே ஒரு வாழ்வைத் தாங்கி நிற்கக்கூடும்.

'வீட்டுச் செய்தி வெளியே போகலாகாது'

குடும்பத்தின் அந்தரங்கம் மதிக்கத்தக்கதே. ஆயினும், வீடு தீப்பற்றி எரியும்போது அந்தரங்கம் கருதி யாரும் கதவை மூடி வைப்பதில்லை. உயிருக்கும் உள்ளத்துக்கும் இடர் நேரும்போது உதவி கேட்பது குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பதாகாது. அது குடும்பத்திலுள்ளோரைக் காப்பதாகும். வன்முறை நிகழ்வதாக நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம் என்றும், நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது எவ்வித வழக்கும் தொடர முடியாது என்றும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் உறுதியளிக்கிறது. 'நமக்கேன் வம்பு' என ஒதுங்கும் அண்டை வீட்டார் அறிய வேண்டிய செய்தி இது.

மாணவர்களே, இப்பாடத்தைப் படிக்கும் உங்களுள் சிலருக்கு இது பாடமாக மட்டும் இராது. உங்கள் வீட்டில் இத்தகைய நிலை இருப்பின், முதலில் ஒன்றை நெஞ்சில் நிறுத்துங்கள்: அது உங்களால் நிகழவில்லை, அதைத் தனியே நின்று தடுக்கும் கடமையும் உங்களுக்கு இல்லை. அடி விழும்போது இடையில் புகுந்து தடுக்க முயல்வது உங்களுக்குப் பேரிடரை விளைவிக்கக்கூடும். பாதுகாப்பான இடத்துக்குச் சென்று உதவிக்கு அழையுங்கள். நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் பொருட்படுத்தாவிடின் மற்றொருவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் நண்பர் இதை உங்களிடம் கூறினால் குறுக்கிடாது கேளுங்கள். 'எல்லார் வீட்டிலும் இப்படித்தான்' எனத் தள்ளிவிடாதீர்கள். அவருடைய தந்தையையோ தாயையோ இழித்துப் பேசாதீர்கள். அவர் அவர்களை இன்னும் நேசிக்கக்கூடும். 'நீ சொன்னதை நம்புகிறேன்' என்னும் மூன்று சொற்கள் பேருதவி செய்யும். பிறரிடம் கதையாகப் பரப்பாது, அவரோடு உடன்சென்று பொறுப்புள்ள ஆசிரியரிடம் தெரிவியுங்கள்.

> தெரிந்து தெளிவோம்
>
> உதவிக்கு அழைக்க
>
> குழந்தைகள் உதவி எண்: 1098
> மகளிர் உதவி எண்: 181
> அவசர உதவி எண்: 112
> மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ்: 14416
> தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் உதவி எண்: 14417

இன்றைய மாணவர்கள் நாளைய பெற்றோர்கள். பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எந்தக் குழந்தைக்கும் இல்லை. எத்தகைய பெற்றோராக வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் உண்டு. சினம் எழும் வேளையில் கையை ஓங்காது சற்று விலகி நிற்கக் கற்பதும், தவறியபோது மன்னிப்புக் கேட்கக் கற்பதும், துணைவரைச் சமமாக மதிக்கக் கற்பதும் இன்றே தொடங்க வேண்டிய பயிற்சிகள். உடன்பிறந்தாரிடமும் நண்பரிடமும் அவற்றைப் பழகலாம். அவ்வாறு பழகியவர்கள் அமைக்கும் வீட்டில், இரவில் குழந்தை அச்சமின்றி உறங்கும்.

கற்பவை கற்றபின்...

1. 'சினத்தைக் கையாளும் வழிகள்' என்னும் தலைப்பில் குழுவாகக் கலந்துரையாடி, நீங்கள் கண்டறிந்தவற்றைச் சுவரொட்டியாக்கி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

2. குழந்தைகளுக்கான உதவி எண்கள் பற்றித் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு எளிய மொழியில் விளக்கும் துண்டறிக்கை ஒன்றை உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக.

1. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு
அ) 1989 ஆ) 1998 இ) 2006 ஈ) 2015

2. அச்சத்தை உணர்ந்து எச்சரிக்கை எழுப்பும் மூளைப் பகுதி
அ) கார்டிசால் ஆ) அமிக்டலா இ) அட்ரினலின் ஈ) இயக்குநீர்

குறுவினா

1. பிணக்கு, வன்முறை வேறுபடுத்துக.
2. 'பார்த்த குழந்தையும் பாதிக்கப்பட்ட குழந்தையே' என்பதற்குச் சான்று தருக.

சிறுவினா

1. வன்முறை நிகழும் வீட்டில் வளரும் குழந்தை தாங்கும் மூன்று சுமைகளை விளக்குக.
2. வகுப்பறையில் 'கவனமற்றவன்' எனப்படும் மாணவனின் நிலையைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

நெடுவினா

குடும்ப வன்முறையும் குழந்தைகளும் பற்றிச் சமூகத்தில் வழங்கும் மூன்று நம்பிக்கைகளைக் குறிப்பிட்டு, அவை ஏற்கத்தக்கனவா என்பதைத் தக்க காரணங்களுடன் ஆராய்க.